ஊசி வேண்டாமென்று எழுதிக் கொடுக்கும் டாக்டர்

பள்ளிக்கு இரண்டு நாள் போகாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போயிருக்கிறீர்களா? சில தடவை காய்ச்சல் உண்மையாகவே இருந்திருக்கும். மற்றத் தடவைகளைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. அந்தச் சிறு காகிதத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி. தலைமையாசிரியர் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்ப்பதில்லை. டாக்டர் உங்களைப் பரிசோதித்திருக்கிறார், கண்டதைத்தான் எழுதியிருக்கிறார் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் காகிதமும் மையும்தான்.

அமெரிக்காவில் இதைவிடக் கனமான ஒரு சர்டிபிகேட் உண்டு. அங்கே பள்ளியில் சேர வேண்டுமானால் தட்டம்மை, இளம்பிள்ளை வாதம், கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டுக்குள் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. ஆனால் "இந்தக் குழந்தையின் உடல்நிலைக்கு இந்த ஊசி ஆகாது" என்று ஒரு டாக்டர் எழுதிக் கையெழுத்திட்டால் குழந்தைக்கு விலக்கு உண்டு. பல மாநிலங்கள் மதக் காரணத்துக்காகவும், சில மாநிலங்கள் பெற்றோரின் சொந்தக் கொள்கைக்காகவும் விலக்கு அளித்து வந்தன. யாருக்கு விலக்கு, அதைக் கொடுப்பவர் யார், கொடுத்தது சரிதானா என்று பார்ப்பவர் யார்? இந்தக் கேள்விகளுக்காக அங்கே கோர்ட்டுகளில் வழக்குகள் நடந்திருக்கின்றன. டாக்டர்கள் தொழில் உரிமத்தை இழந்திருக்கிறார்கள். தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சட்டசபை வாசலில் கோஷமிட்டிருக்கிறார்கள்.

நான் பௌதிகம் கற்பிப்பவன். வைத்தியம் அறிந்தவன் அல்லன். ஆயினும் இந்த வழக்குகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். இவற்றின் நடுவே ஓர் எண் ஒளிந்திருப்பதே அதற்குக் காரணம். வக்கீல்கள் அந்த எண்ணைச் சுற்றிச் சுற்றி வாதிடுகிறார்களே தவிர, அதன் அருகே போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. நாம் போய்ப் பார்ப்போம்.

அணு உலையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரு யுரேனிய அணு பிளவுபடும்போது இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றில் சராசரியாக ஒன்றாவது இன்னோர் அணுவைப் பிளந்தால் தொடர்வினை நீடிக்கும். ஒன்றுக்கு மேற்பட்டால் வினை பெருகும்; ஒன்றுக்குக் குறைந்தால் தானே அவிந்துவிடும். நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கழிகளை உலைக்குள் இறக்கி, அந்தச் சராசரியை ஒன்றுக்கு மேலோ கீழோ நகர்த்துகிறார்கள். தொற்றுநோயும் இதே கணக்கைத்தான் பின்பற்றுகிறது. நோயாளியே பிளவுபடும் அணு, கிருமியே நியூட்ரான். ஊசி போட்டுக்கொண்டு எதிர்ப்பாற்றல் பெற்ற குழந்தை கட்டுப்பாட்டுக் கழி.

தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒருவருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லையென்றால் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுப்பார். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் கிருமி காற்றில் தங்கியிருக்கும். மனித நோய்களில் இதைவிட வேகமாகப் பரவுபவை மிகச் சில. நாம் நடுவாக 15 என்று வைத்துக்கொள்வோம். நூறு பேரில் எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் எத்தனை பேரோ, அந்தப் பின்னத்தை 15ஆல் பெருக்க வேண்டும். விடை ஒன்றுக்குக் கீழே இருந்தால் நோய் அவியும்.

இரண்டு தவணை ஊசி போட்டுக்கொண்டவர்களில் 100க்கு 97 பேருக்குத் தட்டம்மை வராது. ஒரு பள்ளியில் 100க்கு 97 குழந்தைகள் ஊசி போட்டிருந்தால், உண்மையில் பாதுகாப்புப் பெற்றவர்கள் சுமார் 94 பேர். மீதி 6 பேர். துல்லியமாகப் பெருக்கினால் விடை 0.89. நோய் அவிந்துவிடும். இன்னொரு பள்ளியில் 93 பேர் மட்டும் ஊசி போட்டிருந்தால்? பாதுகாப்புப் பெற்றவர்கள் சுமார் 90 பேர். மீதி 10 பேர். விடை 1.47. இது ஒன்றைத் தாண்டிவிட்டது. 1.47ஐப் பத்துத் தடவை தொடர்ந்து பெருக்கிப் பாருங்கள், 47 வருகிறது. 0.89ஐப் பத்துத் தடவை பெருக்கினால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நோய் தாவ ஏறக்குறைய 11, 12 நாள் ஆகும். ஆக, நாலே மாதத்தில் முதற்பள்ளியில் நோய் இருந்த சுவடு இராது. இரண்டாம் பள்ளி மூடிக் கிடக்கும். இரண்டுக்கும் வேறுபாடு நூற்றுக்கு நாலு குழந்தைகள்! இது எளிமைப்படுத்திய கணக்கு என்பது உண்மைதான். உண்மையான ஊரில் எல்லாரும் எல்லாரோடும் ஒரே அளவில் கலப்பதில்லை. ஆனால் எல்லை எவ்வளவு ஒடுக்கமானது என்பதைக் காட்ட இது போதும்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஊசி போடாமல் இருக்கச் சமுதாயம் அனுமதிக்கக்கூடிய இடம் நூற்றுக்கு மூன்றோ நாலோதான். அந்தச் சில இடங்கள் யாருக்கு உரியவை? இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிட்டு எதிர்ப்பாற்றல் முழுவதும் ஒடுங்கிப் போன குழந்தைக்கு உரியவை. தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள கிருமி. அத்தகைய குழந்தைக்கு அதைப் போடக் கூடாது. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைக்கும், முதல் தவணையிலேயே மூச்சுத் திணறி உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை கண்ட குழந்தைக்கும் உரியவை. இந்த ஒவ்வாமை பத்து லட்சம் தவணைகளுக்கு ஏறக்குறைய ஒன்று என்ற அளவில்தான் நேர்கிறது. இவர்கள் எல்லாரையும் கூட்டினாலும் மிகச் சிறிய எண்ணிக்கைதான். கலிபோர்னியாவில் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளில் மருத்துவ விலக்குப் பெற்றவர்கள் நெடுநாள் 500க்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தார்கள்.

இனி வழக்குகளுக்கு வருவோம். கதை நூறாண்டுக்கு மேல் பழையது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1902இல் பெரியம்மை பரவியது. நகரச் சுகாதாரக் குழு எல்லாரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டுமென்று உத்தரவிட்டது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் மறுத்தார். தமக்குச் சிறு வயதில் அம்மை குத்தியதால் நெடுநாள் உடல்நலம் கெட்டதென்றும், தம் மகனுக்கும் அவ்வாறே நேர்ந்ததென்றும் சொன்னார். அவருக்கு விதித்த அபராதம் 5 டாலர். 5 டாலருக்காக அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார்! 1905ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். ஊர் முழுவதையும் கொள்ளைநோயிலிருந்து காக்க நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதன் கடைசிப் பகுதியை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. மாசசூசெட்ஸ் சட்டத்திலேயே, டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் குழந்தைகளுக்கு விலக்கு என்று இருந்தது. பெரியவர்களுக்கு அப்படி ஒரு வாசகம் இல்லை. ஒருவர் உடல்நிலை அம்மை குத்தலைத் தாங்காது என்பது தெளிவாகத் தெரிந்தும் அவரை வற்புறுத்துவது கொடுமை. அப்படியொரு வழக்கு வந்தால் கோர்ட் தலையிடும் என்று நீதிபதி ஹார்லன் சொல்லி வைத்தார். சட்டத்துக்கு ஒரு கதவு வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள். 1922இல் டெக்சாஸ் மாநிலத்து வழக்கொன்றில், ஊசி போடாத மாணவியைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் என்றும் அதே கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இங்கிலாந்து வேறொரு கதவைத் திறந்து பார்த்தது. அங்கே 1853 முதல் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது கட்டாயம். எதிர்ப்பு மிகுந்து, 1885இல் லெஸ்டர் நகரில் பெரிய ஊர்வலமே நடந்தது. 1898இல் ஒரு சட்டம் வந்தது. அம்மை குத்துவதை என் மனச்சாட்சி ஏற்கவில்லை என்று பெற்றோர் மாஜிஸ்திரேட்டுகளிடம் சொல்லி, அவர்களைத் திருப்திப்படுத்தினால் விலக்கு. மனச்சாட்சியை மாஜிஸ்திரேட் எதைக்கொண்டு அளப்பார்? பாரமானி இருக்கிறதா, வெப்பமானி இருக்கிறதா? ஒருவர் தாராளமாகக் கொடுத்தார். இன்னொருவர் கண்டிப்பாக மறுத்தார். கடைசியில் 1907இல் வெறும் உறுதிமொழி கொடுத்தாலே போதும் என்று ஆக்கிவிட்டார்கள்.

இந்த வேறுபாட்டை நன்றாகக் கவனியுங்கள். மனச்சாட்சியை அளக்க முடியாது. ஆனால் உடலைச் சோதிக்க முடியும். இரத்தத்தில் வெள்ளணுக்கள் எத்தனை, முந்தைய தவணையில் என்ன நேர்ந்தது, என்ன மருந்து சாப்பிடுகிறது என்பவற்றை எந்த டாக்டர் பார்த்தாலும் ஒரே விடைதான் கிடைக்க வேண்டும். எனவே மருத்துவ விலக்கு என்பது ஓர் அளவீடு. அளவீட்டுக்கு இலக்கணம் என்ன? வேறொருவர் வேறொரு கருவியால் அளந்தாலும் ஏறக்குறைய அதே விடை வர வேண்டும். உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஊசலைக்கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கிறீர்கள். வகுப்பில் எல்லாருக்கும் ஏறக்குறைய 980 வரும்போது உங்களுக்கு மட்டும் 1400 வந்தால் ஆசிரியர் உங்களைத் திட்டமாட்டார். "இங்கே வா, என் முன்னால் மறுபடி செய்" என்பார். அவ்வளவுதான்.

கலிபோர்னியாவில் நடந்தது இதுதான். 2014 டிசம்பரில் அனஹைம் நகரத்து டிஸ்னிலாந்தில் தட்டம்மை தோன்றியது. நாடெங்கும் குழந்தைகள் வந்து கூடும் அந்த உல்லாசப் பூங்காவிலிருந்து, பல மாநிலங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அது பரவியது. மறு ஆண்டு ஜூன் 30ஆம் தேதி கவர்னர் ஜெர்ரி பிரவுன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ரிச்சர்டு பான் ஒரு குழந்தை மருத்துவர். சொந்தக் கொள்கைக்காக விலக்குக் கேட்கும் வழி அடைபட்டது. மருத்துவ விலக்கு மட்டும் மிஞ்சியது. பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். மாநிலக் கோர்ட்டுகளும் மத்தியக் கோர்ட்டும் சட்டம் செல்லும் என்றே கூறின. ஊசி போட்ட குழந்தைகளின் விகிதம் நூற்றுக்கு 90ஐ ஒட்டியிருந்தது, 95ஐத் தாண்டியது.

பிறகுதான் வேடிக்கை. 0.2 சதவீதமாக இருந்த மருத்துவ விலக்கு ஆண்டுதோறும் ஏறியது. 2018–19ஆம் கல்வியாண்டில் 0.9 சதவீதம். மூன்று ஆண்டுகளில் குழந்தைகளின் உடல் நாலு மடங்கு நலிந்துவிட்டதா என்ன? பலூனை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்குகிறது, அவ்வளவே. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பிதுங்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்த குழந்தைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவ விலக்கு வைத்திருந்தார்கள். மாநிலச் சராசரியைப் பார்த்துத் திருப்தியடைவது தவறு என்பதற்கு இதுவே சான்று. ஓர் அறையின் மூலையில் தீக்குச்சியைக் கிழித்தால் அறையின் சராசரி வெப்பநிலை ஏறுவது வெப்பமானியில்கூடத் தெரியாது. ஆனால் திரைச்சீலை அந்த மூலையில் தொங்கினால்?

சான் டியேகோ நகரத்துச் செய்தியாளர்கள் 2019இல் ஒரு கணக்கெடுத்தார்கள். அந்நகரப் பள்ளிகளில் 2015க்குப் பின் கொடுத்த மருத்துவ விலக்குகள் 486. அவற்றில் 141இல் இருந்தது ஒரே டாக்டரின் கையெழுத்து! பெரிய நகரம், எத்தனையோ டாக்டர்கள். அரிய நோயுள்ள குழந்தைகள் எல்லாரும் ஒரே வாசற்படியில் வந்து நிற்பதற்குள்ள வாய்ப்பு எவ்வளவு என்று நிகழ்தகவு படித்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு டாக்டர், தபாலில் எச்சில் அனுப்பிச் செய்யும் மரபணுச் சோதனைகளை வைத்துக்கூட விலக்கு எழுதினார். நகர வக்கீல் அவருடைய குறிப்பேடுகளைக் கேட்டு உத்தரவு அனுப்பினார். 2021இல் அவருடைய உரிமம் ரத்தாயிற்று.

எல்லாரும் அறிந்த வழக்கு ராபர்ட் சியர்ஸ் என்ற குழந்தை மருத்துவருடையது. தடுப்பூசிகளைப் பற்றிப் பெற்றோருக்காக அவர் எழுதிய நூல் ஏராளமாக விற்றது. இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, இனி எந்த ஊசியும் வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். முன்பு ஊசி போட்டபோது குழந்தைக்கு என்னவெல்லாமோ நேர்ந்தது என்று தாய் சொன்னாள். தாய் சொன்னதை அவர் கேட்டது தவறல்ல, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பழைய மருத்துவக் குறிப்புகளை வரவழைத்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார் என்பது கலிபோர்னிய மருத்துவ வாரியத்தின் குற்றச்சாட்டு. 2018இல் வாரியத்துடன் சமரசத்துக்கு வந்தார். 35 மாதம் கண்காணிப்பு, ஆண்டுக்கு 40 மணி நேரப் பாடம், வேலையை மேற்பார்க்க வேறொரு டாக்டர். ஒரு மருத்துவருக்கு இது கடுமைதானா? இல்லை என்பது என் கருத்து. கருவியைப் படிக்காமலே நோட்டில் எண்ணை எழுதும் மாணவனை நாம் என்ன செய்கிறோம்?

2019 செப்டம்பரில் கவர்னர் கேவின் நியூசம் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஊசி விகிதம் 95க்குக் கீழே இருக்கும் பள்ளிகளிலும், ஆண்டுக்கு ஐந்தோ அதற்கு மேலோ விலக்கு எழுதும் டாக்டர்களிடமும் விலக்குகளை அரசாங்க மருத்துவர்கள் மறுபடி பார்ப்பார்கள். விலக்கு ரத்தானால் பெற்றோர் மூன்று பேர் அடங்கிய சுதந்திரமான நிபுணர் குழுவிடம் முறையிடலாம். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்தோ அதற்கு மேலோ எழுதியவர் குற்றவாளி என்று சட்டம் சொல்லவில்லை. புற்றுநோய்க் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் ஐம்பதும் எழுதக்கூடும். மறுபடி அளந்து பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறது.

எதிர்த் தரப்பில் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குழந்தையைத் தொட்டுப் பார்த்த டாக்டரின் தீர்ப்பை, பார்க்காத அதிகாரி காகிதத்தை வைத்து மாற்றலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அச்சிட்ட பட்டியலில் இல்லாத அரிய நோயோடு வரும் குழந்தைக்கு என்ன வழி? நியூயார்க்கில் இந்த வழக்கே நடந்தது. 2018–19இல் புரூக்ளினிலும் ராக்லண்டிலும் தட்டம்மை பெருகியது. 2019இல் மட்டும் நாடு முழுவதும் 1,274 பேர் நோயுற்றனர். 1992க்குப் பின் அதுவரை அவ்வளவு பேர் ஓர் ஆண்டில் நோயுற்றதில்லை. நியூயார்க் மத விலக்கை 2019 ஜூனில் நீக்கியது. மருத்துவ விலக்கின் விதிகளையும் இறுக்கியது. டாக்டர் எழுதிக் கொடுத்தும் பள்ளிகள் ஏற்க மறுத்த குழந்தைகளின் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். நாடறிந்த மருத்துவ வழிகாட்டுதலுக்கோ ஏற்கப்பட்ட சான்றுகளுக்கோ பொருந்தியிருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே என்று 2022இல் மேல்முறையீட்டுக் கோர்ட் கூறிவிட்டது. சட்டப்படி அது சரி. ஆயினும் முறையீட்டைக் கேட்கும் குழுவில், அந்தக் குழந்தையை நேரில் பார்க்கும் கடமை உள்ளவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. காகிதம் காய்ச்சலைக் காட்டாது.

பெற்றோரின் அச்சத்தையும் ஏளனம் செய்யாதீர்கள். 1955இல் அமெரிக்காவில் கட்டர் என்ற நிறுவனம் தயாரித்த இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தில் கிருமி முழுவதும் சாகவில்லை. சுமார் 200 பேர் வாதமுற்றார்கள். 10 பேர் இறந்தார்கள். 1998இல் வந்த ஒரு வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து, ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குக் குடல் செருகிக்கொள்ளும் கோளாறை உண்டாக்கியது. அடுத்த ஆண்டே அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தடுப்பூசியால் மெய்யாகவே தீங்கு நேர்ந்தவர்களுக்கு ஈடு கொடுக்க 1986இல் அமெரிக்கா தனிச் சட்டமே செய்தது. தீங்கு நேர்வதே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு அரிது, எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதே விஷயம். பத்தாயிரத்தில் ஒன்றையே ஓராண்டுக்குள் பிடித்த வலை அது.

இதற்கு மாறாக, தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் என்ற மனவளர்ச்சிக் கோளாறு வருகிறது என்ற வதந்திக்கு மூலம் 1998இல் இங்கிலாந்தில் வந்த ஒரு கட்டுரை. அதில் பார்த்தது வெறும் 12 குழந்தைகளை. 2010இல் அந்தப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எழுதிய டாக்டரின் பெயரும் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீங்கியது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, ஊசிக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு இல்லை என்று கண்டார்கள். பன்னிரண்டு எங்கே, ஆறரை லட்சம் எங்கே!

பெற்றோரின் அச்சம் இயல்பானது, மன்னிக்கத்தக்கது. அந்த அச்சத்தை விலை பேசுபவர்களை நான் அவ்வாறு நினைக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு மருத்துவச்சி, ஊசிக்குப் பதிலாக ஹோமியோபதி உருண்டைகளைக் கொடுத்துவிட்டு, ஊசி போட்டதாகவே அரசாங்கப் பதிவேட்டில் எழுதி வந்தாள். ஏறக்குறைய 1,500 குழந்தைகள். 12,449 பொய்ப் பதிவுகள். 2024 ஜனவரியில் மாநில அரசு அவளுக்கு 3 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. விலக்குச் சான்றிதழாவது "இக்குழந்தை ஊசி போடாதது" என்று உண்மையைச் சொல்கிறது. நோய் வந்தால் பள்ளி அக்குழந்தையை வீட்டில் நிறுத்திக் காக்கலாம். இந்தப் பொய்யோ கட்டுப்பாட்டுக் கழி இருப்பதாகக் காட்டிவிட்டு அந்த இடத்தில் வெறும் மரக்குச்சியைச் செருகியது போன்றது.

ஐரோப்பாவிலும் இதே பிணக்கு உண்டு. செக் நாட்டுத் தந்தை ஒருவர் தம் குழந்தைகளுக்கு ஊசி போட மறுத்துச் சிறு தொகை அபராதம் கட்டினார். வேறு சில பெற்றோரின் குழந்தைகளைப் பாலர் பள்ளியில் சேர்க்கவில்லை. ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 17 நீதிபதிகளில் 16 பேர், அரசு செய்தது மனித உரிமைக்கு மாறானதன்று என்றனர். போலீஸ் வந்து கையைப் பிடித்து ஊசி குத்தவில்லை என்பதையும் கோர்ட் கருத்தில் கொண்டது. எனக்கும் அதுதான் எல்லை. பெற்றோரைச் சிறையில் அடைப்பதோ குழந்தையைக் கட்டிப்பிடித்துக் குத்துவதோ கூடாது. அப்படிச் செய்தால் அச்சம் இன்னும் பெருகும். ஆனால் நெருக்கமான வகுப்பறையில் அடுத்த குழந்தையோடு ஒரே பெஞ்சில் உட்காரும் உரிமைக்கு ஒரு நிபந்தனை வைக்கலாம்.

அடுத்த குழந்தை என்றேன். 2025இல் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் தட்டம்மை தோன்றி, ஏழு மாதத்தில் 762 பேரைப் பிடித்தது. ஊசி போடாத பள்ளிச் சிறுவர் இருவர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் சுகாதாரத் துறை ஒரு மரணத்தை அறிவித்தது. அக்குழந்தைக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது தட்டம்மை வந்திருந்தது. ஊசி போடும் வயது அப்போது ஆகவில்லை. தட்டம்மை குணமாயிற்று. கிருமி மட்டும் மூளைக்குள் பதுங்கியிருந்தது. பல ஆண்டு கழித்து, பள்ளிக்குப் போகும் வயதில், மூளை சிறிது சிறிதாகச் சிதைந்து குழந்தை இறந்தது. இந்தப் பின்விளைவுக்கு மருந்து கிடையாது. அக்குழந்தையின் பெற்றோர் ஊசியை மறுத்தவர்கள் அல்லர். நூற்றுக்கு மூன்று, நாலு என்று மேலே சொன்ன இடங்களில் ஒன்றில் அது இருந்தது. வேறு யாரோ நோயை அதனிடம் கொண்டு வந்தார்கள்.

ஆகவே, விலக்கு எழுதும் டாக்டரைச் சந்தேகப்படுவது மருத்துவத் தொழிலை அவமதிப்பது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வங்கியில் காசாளர் எண்ணிய பணத்தை இன்னொருவர் மறுபடி எண்ணுகிறார், காசாளர் கோபித்துக்கொள்வதில்லை. கலிபோர்னியாவில் 2021 முதல் விலக்குகள் எல்லாம் ஒரே மாதிரிப் படிவத்தில், அரசுப் பதிவேட்டின் வழியாகவே எழுதப்பட வேண்டும். யாருடைய பெயரும் வெளிவராமல், பள்ளிவாரியாக ஊசி விகிதம் எவ்வளவு என்பதை அந்த மாநிலம் வெளியிட்டும் வருகிறது. இந்த இரண்டாவது செயல்தான் முதலாவதைவிட முக்கியம் என்று நான் கருதுகிறேன். வெள்ளணுக் குறைந்த பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாய், எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியும். கோர்ட்டுக்குப் போய் வழக்காட அவளுக்கு நேரமும் இராது, பணமும் இராது.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் ஒன்று செய்து பாருங்கள். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு நோயாளி ஏறத்தாழ 6 பேருக்கு நோயைக் கொடுப்பதாகக் கொள்ளலாம். மேலே 15 என்று போட்ட இடத்தில் 6 என்று போட்டு, நூற்றுக்கு எத்தனை பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் விடை ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். விலக்குகள் பெருகும் ஊர்களில் முதலில் திரும்பி வருவது எப்போதும் தட்டம்மையாகவே இருப்பதற்குக் காரணம் அந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தெரிந்துவிடும்.